ஓடுகிற வண்டியில் கை வைத்தல்

ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் தொழில் கற்கும்போதே கேட்டுவிடும் பாடம். மூன்றாண்டுகளுக்கு முன் அந்தப் பாடத்தை நான் மீற நேர்ந்தது.

என்னுடையது 1999-ஆம் ஆண்டு மாருதி ஜென். தானியங்கிக் கியர் கொண்ட வகை. அதில் கிளட்ச் மிதி கிடையாது. முன்செல்லும் மூன்று கியர்களையும் பெட்டியே மாற்றிக்கொள்ளும். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு இடக்காலைக் கொடுத்தவன் நான். இந்தியா போலியோ அற்ற நாடென 2014-இல் அறிவிக்கப்பட்டது. அந்நோயின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவர்கள் என் போன்றோர். சேத்தூரிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் சென்ற நாட்களில், படியேற யாரேனும் கை கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்களே. ஆயினும் நாள்தோறும் நன்றி சொல்லியபடியே பணிக்குச் செல்வது எளிதன்று. 2011-இல் இந்த வண்டியைப் பழையதாக வாங்கிய பிறகே அது நின்றது.

அந்த வண்டிதான் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறத் தயங்கும்; பின் ஒரு குலுக்கலோடு மாறும். காலையில் பின்னோக்கி எடுக்க நெம்புகோலை நகர்த்தினால், இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டே நகரும். அளவுகோலை உருவிப் பார்த்தேன். செந்நிறமாக இருக்க வேண்டிய எண்ணெய், பழைய டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அடித்தட்டிலிருந்தும் சொட்டியது. எப்போதோ யாரோ அதன் வடிகால் திருகின் மரையைக் கெடுத்து, எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள்.

மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "எண்ணெயை மாத்தாதீங்க சார். மாத்தினா பெட்டி போயிரும். போறவரைக்கும் ஓட்டுங்க" என்றார்கள். மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த வருடம் அது. வேறு வண்டி வாங்குவதை நினைக்கவே முடியாது.

இந்த அச்சம் அடியோடு மூடநம்பிக்கையன்று. தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு அல்ல. எஞ்சினின் சுழற்சியைப் பல்சக்கரங்களுக்குக் கடத்துவதே அதுதான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்ட உத்தி இது: ஒரு சக்கரம் எண்ணெயை வீச, எதிரேயுள்ள சக்கரம் அவ்வீச்சில் சுழலும். அதே எண்ணெய்தான் அழுத்தம் பெற்று உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை இறுக்குகிறது. வெப்பத்தையும் ஏந்திச் செல்கிறது. ஆகவே அது வழுக்கவும் வேண்டும், தகடுகள் பற்றவும் இடங்கொடுக்க வேண்டும். இந்தப் பக்குவத்துக்காக ஒரு காலத்தில் அமெரிக்காவில் திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அது தடைசெய்யப்பட்ட பின் செயற்கைப் பொருள்கள் வந்தன. சேர்க்கைப் பொருள்கள் வெப்பத்தில் நலிகின்றன. தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், எண்ணெயில் கலந்த அவற்றின் துகள்களே எஞ்சிய பிடிமானம் என்றும், புதிய எண்ணெய் ஊற்றினால் அதுவும் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். அப்படிச் செத்த பெட்டிகள் பெரும்பாலும் முன்னரே சாகக் கிடந்தவை. ஆனால் என் பெட்டி அந்த நிலையில் இருக்கிறதா என்பதைத் திறக்காமல் எப்படி அறிவது?

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி அறுபதைக் கடந்தவர். டிராக்டரும் அம்பாசிடரும் பார்த்துப் பழகிய கை. "இந்தப் பெட்டிய நான் அவுத்ததில்ல சார். ஆனா தட்டு தட்டுதானே. கழத்திப் பாத்துருவோம்" என்றார். பழைய வாகன உதிரிகளுக்குப் பேர்பெற்ற சென்னைப் புதுப்பேட்டையில் தேடி, என் மாணவர் ஒருவர் தட்டு ஒன்றை அனுப்பிவைத்தார். அண்ணாச்சி அதைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, நெளிந்திருந்த விளிம்பைத் தட்டிச் சமன்செய்தார். பேக்கிங் கிடைக்கவில்லை. பேக்கிங் தாளைத் தட்டின் விளிம்பில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டியெடுத்தார்.

குழியின்மேல் வண்டி நின்றது. போல்ட்டுகளை ஒருபக்கமாகத் தளர்த்தினார். எண்ணெய் சரிந்து வடிந்தது. ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். தட்டின் அடியில் சாம்பல் நிறச் சேறு. எங்கள் ஊரைப் பழைய நூல்கள் சேற்றூர் என்றே எழுதும். சேறு, ஊர் சேர்ந்தால் சேற்றூர் ஆவதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அன்று ஒரு கை அகலச் சேற்றைப் பார்த்துக்கொண்டு பேச்சின்றி நின்றேன்.

அண்ணாச்சி காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு என் விரலிலும் தடவினார்.

"மாவா இருக்கு சார். மணலா இல்ல. கருகின வாடையும் இல்ல."

மாவு என்றால் வயதின் தேய்மானம். மணல் என்றால் உள்ளே ஏதோ உடைகிறது. அந்த வேறுபாட்டைச் சொல்ல ஒருவர் விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மதுரையில் எவரும் பார்க்கவில்லை.

வடிகட்டியைக் கழுவினோம். தட்டைப் பூட்டும்போது ஸ்பேனரின் தலையருகே இரு விரலால் மட்டும் பிடித்து, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். பலம் காட்டினால் தட்டு நெளியும். அலுமினியக் கூட்டின் மரையும் போகும். வடிந்த அளவே புதிய எண்ணெய். எஞ்சினை ஓடவிட்டு, நெம்புகோலை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, சூடேறிய பின் அளவைச் சரிபார்த்தோம்.

தட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வராது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளேயே தங்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மேலும் இருதடவை மாற்றினோம். மூன்று முறைக்குப் பின்னும் பத்தில் மூன்று பங்கு பழையதாகவே இருக்கும். ஒரேயடியாக வெளியேற்றும் எந்திரங்கள் உண்டென்று சொன்னபோது அண்ணாச்சி தலையசைத்து மறுத்தார். "வயசானதுக்குப் பத்தியத்த ஒரே நாள்ல மாத்தக் கூடாது."

முதல் நாள் மாலை தேவதானம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி பக்கத்து இருக்கையில் கண்மூடிக் காதுகொடுத்திருந்தார். இரண்டாவது கியர் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அவர்தான் "விழுந்துருச்சு" என்றார்.

குளிர்ந்த காலைகளில் பின்னோக்கி எடுக்கையில் ஒரு நொடித் தயக்கம் இன்றும் உண்டு. நான் காத்திருக்கிறேன். பிறகு இருவரும் கல்லூரிக்குப் புறப்படுகிறோம்.