வாங்கில் கூட இருந்தவர்கள்

எங்கள் பக்கத்து வயதான பெண்களில் சிலர் சுருட்டுப் பத்துவார்கள். ஊர் முழுக்க அறிந்த சங்கதிதான், ஆனால் எவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. ஆண்கள் படலையில் நின்றும் பத்தலாம், சங்கக் கடை வாசலிலும் பத்தலாம். பெண்களின் சுருட்டுக்கு இடம் அடுக்களைக் கோடி. அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்து நாலு இழுவை இழுத்து, ஆள் அரவம் கேட்டதும் நுனியைச் சாம்பலில் நசித்து, குறைச்சுருட்டைக் கிடுகு இறப்பில் செருகிவிடுவார்கள். கிடுகு போய் ஓடு வந்த பிறகு அது நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் குடிபோனது.

புகையிலையைத் தூற்ற எனக்கு வாய் வராது. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கடல் கடந்து போனது. பிறகு எங்கள் ஆண்கள் தெற்கே சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை போட்டு, மாதம் தவறாமல் காசு அனுப்பினார்கள். அந்தக் காசில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் தென்மராட்சியில் நிறையப் பேர். நான் படித்து ஆசிரியையானதும் அப்படிப்பட்ட காசில்தான்.

மச்சாளின் கதைக்கு வருகிறேன். என் கணவரின் மூத்த சகோதரி. மட்டுவிலில் கத்தரித் தோட்டமும் மாடும் வைத்திருந்தவர். சின்ன வயதிலேயே புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்துப் பழகிய உடம்பு. சுருட்டும் அப்படியே கைக்கு வந்தது. நாளுக்கு ஒன்றாக இருந்தது, 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி வெறுமையாகி, சனமெல்லாம் வடமராட்சிக்கும் வன்னிக்குமாய் ஓடிய காலத்தில் கூடிப்போனது. அகதி வாழ்க்கையில் இரவு நித்திரை வராது. அப்போது அந்தத் தணல் ஒரு துணை. திரும்பி வந்து வீட்டைத் திருத்திக் குடியேறிய பிறகும் துணை போகவில்லை.

மார்பில் கட்டி இருப்பதை அவர் மாதக்கணக்காய் யாருக்கும் சொல்லவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்கு. அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கத்தான் 1996 இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதுப் பெண்களைக் குடும்பநல மாது வீடு தேடி வந்து அழைப்பார். மச்சாள் அந்த வயதைத் தாண்டிய பிறகு வந்த ஏற்பாடு. அவருக்கு யார் வீடு தேடி வருவது? குளித்துவிட்டு மாற்றிய சட்டையில் மார்புப் பக்கம் கசிந்த ஈரத்தைக் கண்டு மருமகள்தான் பிடித்தாள்.

சத்திர சிகிச்சைக்கு முன் டொக்டர் வழமையான கேள்விகள் கேட்டார். சீனி வருத்தம் இருக்கோ, பிறஷர் இருக்கோ, புகைப்பழக்கம் இருக்கோ. மச்சாள் வாயைத் திறக்கும் முன்பே மகன் முந்திக்கொண்டான்: “சீச்சீ, அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை.” அவனுக்கு நாற்பது வயது. அம்மாவின் சுருட்டு மணத்தோடு வளர்ந்தவன். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல, கூச்சம். மார்பில் வந்த வருத்தம் ஒரு கூச்சம், சுருட்டு இன்னொரு கூச்சம். இரண்டும் சேர்ந்தால் வாய் எப்படித் திறக்கும்?

ஆனால் டொக்டர் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. புகைப்பவரின் காயம் ஆறச் சுணங்கும். சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, தைத்த இடத்துக்குப் போகவேண்டிய ஒட்சிசன் போகாது, கிருமி தொற்றுவதும் கூடும். கதிர்ச் சிகிச்சையில் சங்கதி இன்னும் பெரிது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட பரிசோதனைகளிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட பெண்களின் விபரங்களைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. புகைக்காத பெண்ணுக்குக் கதிர்ச் சிகிச்சையால் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 0.3 சதவீதம். நெடுங்காலம் புகைத்து, அதற்குப் பிறகும் விடாதவருக்கு அது சுமார் 4 சதவீதம். ஒரே இயந்திரம், ஒரே கதிர். வித்தியாசம் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது.

“நான் உள்ளுக்கு இழுக்கிறேல்லை, வாயோட சரி” என்பது மச்சாளின் நியாயம். சுருட்டுப் பத்துகிற எல்லோரும் சொல்வது. சுருட்டுப் புகையில் காரத்தன்மை கூட. அதனால் நிகொட்டின் நுரையீரல் வரை போகவே தேவையில்லை, வாயின் உட்தோலே உறிஞ்சிக்கொள்ளும். வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவிப் புகையிலை போடும்போது நடப்பதும் இதுதான். சுருட்டை விட்டுவிட்டு வெற்றிலைக்கு மாறுகிறேன் என்பவர்கள் ஒன்றையும் விடவில்லை.

வீட்டில் எல்லோரும் புத்தி சொன்னோம். மகன் கத்தினான். கனடாவிலிருக்கும் பேத்தி தொலைபேசித் திரையில் அழுதாள். மருமகள் பன்றித்தலைச்சி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். நான் படிப்பித்தவள், புத்தி சொல்வது எனக்குத் தொழில். எதுவும் சரிவரவில்லை. மச்சாள் எல்லோருக்கும் “ஓம் ஓம்” என்றுவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிறேன் என்று கோடிப்பக்கம் போவார். மாடு அதற்கு முந்தின வருடமே விற்றாயிற்று.

பிறகு தெல்லிப்பழை. முந்தி இந்த வருத்தம் வந்தால் தெற்கே மகரகம ஆஸ்பத்திரிதான் கதி. ஏ9 பாதை பூட்டிக் கிடந்த நாட்களில் கப்பலுக்கும் விமானத்துக்கும் பதிந்துவிட்டுக் காத்திருந்து போன சனம் நாங்கள். 2011 இல் நேத்தன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் முன்நின்று, தெற்குக் கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்தார்கள். வழிநெடுக ஆயிரக்கணக்கான சனம் கூட நடந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் போட்ட காசில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. சாவகச்சேரியில் விடிய பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, காங்கேசன்துறை வீதியால் போனால் பகல் சாப்பாட்டுக்கு முன் கிளினிக் முடிந்துவிடும். பெரிய ஆறுதல்.

அங்கே ஒரு வாங்கில் காத்திருந்தபோது, ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பெண்ணொருத்தி மச்சாளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். தலைமயிர் கொட்டி, சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: “அக்கா, நீங்கள் பத்திறனீங்களோ?”

எனக்குத் திக்கென்றது. மச்சாள் அசையவில்லை. “ஓம்” என்றார். “எத்தினை?” என்றார் அந்தப் பெண். மச்சாள் கணக்குச் சொன்னார், மகனுக்கும் டொக்டருக்கும் எனக்கும் சொல்லாத சரியான கணக்கு. “நானும் உப்பிடித்தான் இருந்தனான். ரெண்டாம் மருந்து ஏத்தினதோட விட்டிட்டன்” என்றுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “விடியத் தேத்தண்ணி குடிச்ச கையோட வாற எண்ணந்தான் பெரிசு. அந்த நேரம் அடுக்களைக்குள்ள நிக்காதேங்கோ. முத்தத்தைக் கூட்டுங்கோ. ஒப்பரேசன் செய்யாத கையால கூட்டுங்கோ. கூட்டி முடியிறதுக்குள்ள அது போயிடும். போகாட்டி எனக்குக் கோல் எடுங்கோ.”

அந்த எண்ணம் வந்தால் சில நிமிடங்களில் தானே தணியும் என்று மருத்துவ நூல்களும் சொல்கின்றன. முதல் வாரம் கடுமை, இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாய் இறங்கும். இதை நான் மச்சாளுக்கு ஏற்கெனவே வாசித்துக் காட்டியிருந்தேன். ஆனால் எந்தக் கையால் கூட்டவேண்டும் என்று நான் வாசித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கக்கத்துக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கக்கூடும் என்பது அந்த வாங்கில் இருப்பவர்களுக்குத்தான் உடம்பால் தெரியும்.

இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் பத்தாமல் தேத்தண்ணி முடித்தால் ஒரு மிஸ்ட் கோல். வராவிட்டால் மற்றவர் எடுத்து விசாரிப்பார். காசு செலவில்லை, கதையும் தேவையில்லை. வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்துக்கொண்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு மச்சாள் விறாந்தையில் இருப்பார். பிறகு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் கிளிநொச்சிக்காரி, சுருட்டல்ல, வெற்றிலையோடு புகையிலை. மற்றவருக்கு அந்தப் பழக்கமே இல்லை, மகனின் சிகரெட்டை நிற்பாட்ட வழி தேடிச் சேர்ந்துகொண்டவர்.

எல்லாம் நல்லபடி நடந்ததென்றால் அது கதையாகத்தான் இருக்கும். இடையில் ஒரு செத்தவீடு வந்தது. எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு எல்லாம் வைத்துச் சபைக்கு நீட்டுவது வழமை. இரவு முழுக்க விழித்திருக்கிற சனத்துக்கு அது உபசாரம். மச்சாள் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் மிஸ்ட் கோல் போகவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து கோல் வந்தது. கேட்ட உடனே மச்சாள் சொல்லிவிட்டார். மற்றப் பக்கத்தில் ஒரு பெரிய சிரிப்பு. “நான் என்ரை மாமியின்ர எட்டுச் செலவில பிடிபட்டனான்” என்றாராம். அவ்வளவுதான். அடுத்த விடியல் மிஸ்ட் கோல் வழமைபோல் போனது. மகன் அறிந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும், மச்சாளும் கோடிப்பக்கத்துக்கே திரும்பியிருப்பார்.

இந்த மாதிரித் துணை புதிதல்ல. மார்பை இழந்த அமெரிக்கப் பெண் தெரேசு லாசர் 1952 இல், அதே சிகிச்சை முடித்துப் படுத்திருக்கும் பெண்களை நியூயோர்க்கில் நேரில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். வைத்தியர்கள் விரும்பவில்லை, ஆனாலும் போனார். அந்த முயற்சியை 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னோடு சேர்த்துக்கொண்டது, பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. புகைப்பழக்கத்திலும் இதே சங்கதி. பிறேமிங்காம் என்ற ஊரில் மூன்று தசாப்தங்களாய்த் திரட்டிய விபரங்களை வைத்து 2008 இல் ஒரு கணக்கு வந்தது. கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது, நண்பர் விட்டால் 36 சதவீதம். கூடப்பிறந்தவர் விட்டால் வெறும் 25. இரத்த உறவைவிடச் சிநேகிதம் கூட வேலை செய்கிறது. அந்த வாங்கைப் பார்த்தவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வாங்கில் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. ஒருத்தி கீமோவை நிற்பாட்டிவிட்டு ஏதோ கசாயத்துக்குப் போகச் சொன்னாள். இன்னொருத்தி, புகைப்பதை நிற்பாட்ட வெளிநாட்டில் ஒரு குளிசை இருக்கிறது, மகனிடம் சொல்லி எடுப்பிக்கட்டும் என்றாள். அது புப்ரோபியன். மச்சாளுக்கு எழுதியிருந்தது தமொக்சிபென். தமொக்சிபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற ஈரல் நொதியத்தைப் புப்ரோபியன் தடுக்கும். ஒரு நன்மைக்குக் குடித்து இன்னொரு நன்மையைக் கெடுத்த கதையாய் முடிந்திருக்கும். இந்தக் கட்டத்தில்தான் மச்சாள் தானாகவே டொக்டரிடம் சுருட்டுக் கதையைச் சொன்னார். வாங்கில் சொல்லிப் பழகிய வாய், டொக்டரிடமும் கூசவில்லை. டொக்டர் ஏசவும் இல்லை. பதிவுக் கொப்பியில் எழுதிக்கொண்டு, குளிசை வேண்டாம், இப்படியே போங்கோ என்றார். நாட்டில் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் புகையை விட ஆலோசனை தருவார்கள் என்றும் சொன்னார். மச்சாளுக்கு ஊர்காவற்றுறை இலக்கம் போதுமாயிருந்தது.

இந்த வயதில் விட்டு என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. என் கணவரே கேட்டார், அவரும் பத்துகிறவர். பிரித்தானிய வைத்தியர்களை 50 வருடம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டொல்லின் ஆய்வு, 60 வயதில் சிகரெட்டை விட்டவருக்கும் சுமார் 3 வருட ஆயுள் மிச்சம் என்றது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழும்பிப் படலைக்குப் போனார்.

மச்சாள் இப்போது ஐந்தாறு பேருக்கு மிஸ்ட் கோல் பார்க்கிறார். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் நடந்த செத்தவீட்டில், வீட்டுக்காரர் கேட்காமலே தட்டத்திலிருந்து சுருட்டையும் புகையிலையையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கிழவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் எழும்பிப் போய்ச் சந்திக் கடையில் வாங்கிப் பத்திவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தமக்கையோடு வாதுக்கு நின்றார். “என்ரை செத்தவீட்டிலயும் உதுகள் வைக்கப்படாது, இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார் மச்சாள்.

“சுருட்டும் இல்லாட்டி, விடியுமட்டும் ஆர் அக்கா முழிச்சிருப்பினம்?”

“அப்ப வெள்ளென எடுங்கோவன்” என்றார் மச்சாள்.