பெட்டிக்குள் விழுந்த பூனை

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு படம் போட்டான். நூலக மேசை மேல் ஆரஞ்சு நிறப் பூனை. கீழே ஒரு வரி: “அமெரிக்காவுல பூனைக்குக்கூட லைப்ரரியில இடம். இங்க பஸ் ஸ்டாண்டு நாயைப் பிடிக்க சுப்ரீம் கோர்ட்டு ஆர்டர் போடுது.” பெரியம்மா வரை எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். மரக்காணத்தில் இருந்துகொண்டு அவன் அமெரிக்காவைப் புகழ்வதும், அயோவாவில் இருந்துகொண்டு நான் எரிச்சல்படுவதும் எங்கள் வீட்டில் பழகிப்போன கூத்து.

அந்தப் பூனையை அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும். பெயர் டூயி. நான் இருக்கும் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் ஸ்பென்சர். பதினோராயிரம் பேர் வசிக்கும் சோளக்காட்டு ஊர். 1988 ஜனவரி 18, திங்கட்கிழமை காலை, இரவில் திரும்பி வந்த புத்தகங்களை எடுக்கப் பெட்டியைத் திறந்த நூலகர் விக்கி மைரன் கையில் குளிரில் விறைத்த குட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளங்கால் பனியில் வெந்திருந்தது. கடனில் நிலத்தை இழந்த விவசாயிகள் வேலை தேடி நூலகத்துக்கு வந்து உட்கார்ந்த காலம் அது. அவர்கள் மடியில் பூனை ஏறிப் படுத்தது. பத்தொன்பது ஆண்டு நெருங்க வாழ்ந்து, 2006 நவம்பரில் செத்தது. 2008-ல் விக்கி அதைப் பற்றி எழுதிய புத்தகம் உலகமெல்லாம் போனது.

தம்பி பூனையைப் பார்க்கிறான். நான் பெட்டியைப் பார்க்கிறேன்.

இந்த நாட்டில் எதை மெச்சாவிட்டாலும் அந்தப் பெட்டியை மெச்சுவேன். நூலகச் சுவரில் ஓர் இரும்பு வாய். இரவு இரண்டு மணிக்கும் திறக்கும். யார், எந்த ஊர், ஏன் தாமதம் என்று கேட்க ஆளில்லை. போட்டால் உள்ளே ‘தொப்’பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்த புதிதில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போடுவேன். புத்தகம் போடச் சொன்னால் பூனையைப் போடவும் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தும், மறுநாள் அதை யாரும் பூட்டவில்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புத்தகம் திருப்ப மதிய இடைவேளை முடியக் காத்திருக்க வேண்டும்; வெள்ளிக்கிழமை போனால் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்தை வளரும் உயிர் என்று விதி எழுதினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணம் போட்டது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்று இன்றும் கட்டுகிறோம். அதில் ஓர் இரும்புப் பெட்டி வராதா?

குளிர்காலத்தில் அந்தப் பெட்டிக்குப் போகும் நடைபாதையில் பனி உருக உப்புத் தூவியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஊரில் உப்பளத்திலிருந்து வரும் அப்பாவின் கணுக்காலில் இதே கோடு இருக்கும். அவர் வாரிக் குவித்துப் பனையோலை போட்டுக் காத்த பொருளை இங்கே மிதிக்கக் கொட்டுகிறார்கள். முதல் வருஷம் அதன்மேல் கால் வைக்கவே மனசு வரவில்லை.

சரி, பூனைக்கு வருகிறேன். எங்கள் நூலகத்திலும் ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியெல்லாம் குளம். அளத்தில் வேலை கிடையாது. அப்போதுதான் நூலகத்தில் கூட்டம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உப்புநீர் அரித்த பாதங்களை பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு, ஒரே தினத்தந்தியை நாலாகப் பிரித்துப் படிப்பார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களில் அதுவும் ஒன்று. ஐந்தாவது தாள் மேல் படுத்திருக்கும். நூலகர் அதட்டுவார், “ஏய், எழுந்திரு, அண்ணன் பேப்பர் பார்க்கணும்.” அந்த அண்ணனோ, “படுத்துட்டுப் போவுது வுடுங்க சார், அதுல சினிமாதான்” என்பார். யாரும் தீர்மானம் போட்டு அதை உள்ளே சேர்க்கவில்லை.

தீர்மானம் என்றதும் டெக்சாஸ் ஞாபகம் வருகிறது. அங்கே ஒயிட் செட்டில்மென்ட் நூலகத்தில் எலி பிடிக்க 2010-ல் வந்த பிரவுசர் என்ற பூனையை, 2016 ஜூனில் நகர மன்றம் இரண்டுக்கு ஒன்று என வாக்களித்து வெளியே போகச் சொன்னது. உலகம் முழுக்கக் கண்டனம். ஜூலை முதல் தேதி அதே மன்றம் ஒருமனதாகப் பின்வாங்கியது. தம்பி போட்ட படத்தில் இந்தக் கதை இல்லை. வாக்கெடுப்பில் பிழைத்த பூனைக்காக இவர்களைப் பாராட்டுவதா, வாக்கெடுப்பு வரை இழுத்ததற்குச் சிரிப்பதா? எங்கள் கிழிசல் காதுக்காரன் மேல் வாக்கெடுப்பு நடந்திருந்தால் அதை முன்மொழியவே ஆள் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் எழுதிக் குழுவில் போட்டால் சண்டை வரும் என்று தம்பியையே கூப்பிட்டேன்.

“நம்ம லைப்ரரியில அந்தப் பூனை இருந்துச்சே, இன்னும் பூனை எதுவும் வருதாடா?”

“எந்தப் பூனையண்ணா? இப்ப மூணு இருக்கு.”

“பேரு?”

“பூனைக்கு எதுக்கு பேரு? அது இருக்கட்டும், டூயின்னா என்னா அர்த்தம்?”