பாத்திரக்கடைத் திண்ணை

வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம். சீர்ப்பாத்திரம் எடுக்க அரூரிலிருந்து தண்டராம்பட்டு வழி பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போனோம். எழுபதுகளின் தொடக்கம் அது. பங்குனியில் புளி விற்ற காசு ஆயாவின் சுருக்குப்பையில் இருந்தது. தூரத்தில் மலை தெரிந்ததும் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தேரடி வீதிக் கடைகளில் திரும்பிய பக்கமெல்லாம் பித்தளை. அண்டா, தவலை, குடம், தூக்குப்போசி. தாத்தா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, விலை பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சலித்துப்போய் வாசலுக்கு வந்தேன்.

அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவரை தாடி, அழுக்கேறிய துணி, பக்கத்தில் கோணி மூட்டைகள். ஒரு கையில் பனையோலை விசிறி, மறு கையில் கொட்டாங்குச்சி. பிச்சைக்காரரைக் கண்டால் ஆயா முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளை நான். அன்று ஒளியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வயிறு குலுங்க, வீதியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

"விசிறி சாமியாரு. ராத்திரி கடை சாத்துனதும் இந்தத் திண்ணையிலதான் படுப்பாரு" என்றார் கடைக்காரர். ஆயா உடனே கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துப் புளிச்சோற்றில் ஒரு பங்கை இலையில் வைத்துக் கொடுத்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்தான் யோகி ராம்சுரத்குமார் என்பது வளர்ந்த பிறகே எனக்குத் தெரியும். 1918இல் கங்கைக் கரையில், பலியா பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். ரமணர், அரவிந்தர், காஞ்சன்காடு ராமதாசர் என்று குருமார்களைத் தேடி அலைந்து, 1959இல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். பகலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் புன்னை மரத்தடி, இரவில் கடைத் திண்ணை. கடைசிவரை தன்னைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார்.

அவர் செய்த அற்புதங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என் மனம் அந்தக் கடைக்காரர்களிடமே போகிறது. பாஷை தெரியாத, ஊர்பேர் தெரியாத ஒரு மனிதர் தினமும் தங்கள் வாசலில் படுத்து எழுந்திருக்க அவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். இன்று யாரும் படுத்துவிடக் கூடாதென்று கடைப்படியில் கம்பி பதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பின்னாளில் அன்பர்கள் அவருக்குச் சன்னதித் தெருவில் வீடு வாங்கித் தந்தார்கள், ஆசிரமமும் எழும்பியது. 2001 பிப்ரவரி 20 அன்று அவர் மறைந்தார். ஆயாவுக்கு அவர் எப்போதும் "திண்ணச் சாமி"தான். அத்தை வீட்டில் அந்தத் தவலையைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தச் சாமி சிரிச்ச அன்னிக்கு வாங்குனது" என்று சொல்லும்.