டர்போவுக்குத் தனியா கவர்னர் கிடையாது

டவுன்ல இருக்கிற நண்பர்கள் பலபேர் டீசல் கார் வச்சிருப்பீங்க. அந்தக் காருக்குள்ளயும் எங்க ஊர் நெல் அறுக்குற மெஷினுக்குள்ளயும் ஒரே சாமான் ஒண்ணு இருக்கு. டர்போன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு அதைப் பத்திதான் எழுதுறேன்.

பார்க்க நத்தைக் கூடு மாதிரி இருக்கும். ஒரே தண்டு, ரெண்டு பக்கமும் சின்ன விசிறி. சைலன்சருக்குப் போற சூட்டுப் புகை ஒரு விசிறியைச் சுத்தும். அதோட சேர்ந்து மறுபக்கத்து விசிறியும் சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். வீணாப் போற புகையை வச்சே இன்ஜினுக்குக் கூடுதல் மூச்சு. சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பதிவு பண்ணினவர்.

இதோட வேகம்தான் நம்ப முடியாதது. அறுப்பு மெஷினோட இன்ஜின் நிமிசத்துக்குச் சுமார் 2,000 சுத்து சுத்தும். டர்போ 1 லட்சம் சுத்து வரைக்கும், சின்ன டர்போன்னா அதுக்கு மேலயும் போகும். இன்ஜின் எல்லை மீறாம இருக்க கவர்னர் இருக்கு. டர்போவுக்கு அப்படித் தனியா எதுவும் கிடையாது. சில டர்போவுல அதிகப்படி புகையை ஒதுக்கிவிட ஒரு சின்னக் கதவு இருக்கும். ஆனா அது பார்க்குறது காத்தோட அழுத்தத்தை, வேகத்தை இல்ல.

போன தை மாசம் எங்க பங்காளி ஒருத்தரோட மெஷின்ல டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ் கீறிப்போச்சு. காத்து வெளியே ஓடுது. அழுத்தம் ஏறாததால அந்தக் கதவும் திறக்கல. விசில் சத்தம் கீச்சுன்னு மாறுச்சு, கறுப்புப் புகை கக்குச்சு. டிரைவர் தம்பி, "இழுவை இல்லண்ணே, டீசல் பம்பைக் கொஞ்சம் ஏத்திவிட்டா சரியாயிடும்"னான். ஏத்தினாங்க. டீசல் கூடினா புகையோட சூடும் கூடும், விசிறி இன்னும் வேகமா சுத்தும். அன்னைக்குச் சாயங்காலமே விசிறி தெறிச்சு, துண்டு இன்ஜினுக்குள்ள போயிடுச்சு.

வேகம் ரெட்டிப்பானா, விசிறியைப் பிச்சு எறியுற விசை நாலு மடங்கு ஆகும். நூத்துக்குப் பத்து வேகம் கூடினாலே விசை அஞ்சுல ஒரு பங்கு ஏறிடும். இரும்பு எவ்வளவுதான் தாங்கும்?

மெஷின் வாங்கின கடன் அவர் தலையில. அவரை நம்பிக் காத்திருந்த எங்க வயல்ல நெல் முத்தி நின்னுது. வேற மெஷின் வர்றதுக்குள்ள மழை பிடிச்சுது. சாஞ்ச கதிர் சேத்துலயே முளைவிட்டுச்சு. ஒரு முழம் ஹோஸ்தான் காரணம்.

அதனால எங்க ஊர் மெக்கானிக் சொல்றதை அப்படியே உங்களுக்கும் சொல்றேன்.

ஹோஸையும் கிளிப்பையும் அடிக்கடி தடவிப் பாருங்க. எண்ணெய்க் கசிவோ கீறலோ தெரிஞ்சா உடனே மாத்துங்க.

ஏர் ஃபில்டர் அடைச்சா டர்போ காத்துக்குத் தவிச்சு வேகமா ஓடும். வைக்கோல் தூசுல எங்களுக்கு இது தினப்படி வேலை. உங்களுக்கு சர்வீஸ்ல மறக்காம இருந்தா போதும்.

இழுவைக்காகப் பம்பையோ, கார்ல கம்ப்யூட்டரையோ ஏத்திவிடச் சொல்லாதீங்க.

ஊட்டி, கொடைக்கானல் மலை மேல காத்து அடர்த்தி கம்மி. அங்கே டர்போ தானாவே கூடுதலா சுத்தும். வண்டியை ரொம்ப விரட்டாதீங்க.

விசில் சத்தம் மாறி, இழுவை குறைஞ்சு, புகை கறுத்தா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க. ஓரமா நிறுத்திட்டு முதல்ல ஹோஸைப் பாருங்க.