ராக் இசையின் கிளைகள்: பெயர் வைத்தது யார்?

ராக் இசை என்றதும் பலருக்கு நினைவு வருவது நீண்ட தலைமுடி, கறுப்பு டி-ஷர்ட், காதைக் கிழிக்கும் கிடார் சத்தம்.. அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் கேட்க ஆரம்பித்தவர்கள் மிரளுவது பெயர்களைப் பார்த்துத்தான்! ஹார்ட் ராக், புரோக்ரசிவ் ராக், பங்க், போஸ்ட்-பங்க், த்ராஷ் மெட்டல், டூம் மெட்டல், கிரஞ்ச், ஈமோ.. பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளும். இத்தனை பிரிவுகள் எதற்கு? யார் பிரித்தார்கள்?

ஒவ்வொரு பிரிவும் பிறந்த கதையைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தட்டுப்படும். ஒன்று, ஏதோ ஒரு கருவி அல்லது தொழில்நுட்பம். இரண்டு, அதுவரை இருந்த இசையின் மேல் யாருக்கோ வந்த சலிப்பு. மூன்று, வெளியாள் யாரோ ஒட்டிவிட்ட பெயர். இந்த மூன்றாவதுதான் விவகாரமானது. பெயர் யார் மேல் ஒட்டுகிறதோ, பணமும் புகழும் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கின்றன.

தோலின் நிறமும் பாட்டின் பெயரும்

1940களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று விற்கப்பட்ட இசைத்தட்டுகளுக்கு "ரேஸ் ரெக்கார்ட்ஸ்" என்று பெயர். பில்போர்டு பத்திரிகை 1949-ல்தான் அந்தத் தலைப்பை "ரிதம் அண்ட் புளூஸ்" என்று மாற்றியது. சில வருடங்களில், க்ளீவ்லாந்து வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்ற வெள்ளைக்கார அறிவிப்பாளர் அதே இசையை "ராக் அண்ட் ரோல்" என்று சொல்லி ஒலிபரப்பினார். கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகளில் ஏற்கனவே புழங்கிய சொல்தான் அது. இசை அதே இசை, லேபிள் மட்டும் புதிது. வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் கேட்க ஆரம்பித்தார்கள்.

1951-ல் மெம்ஃபிஸ் நகரில் "ராக்கெட் 88" என்ற பாட்டைப் பதிவு செய்ய ஐக் டர்னரின் குழு வந்தது. வரும் வழியில் கிடார் கலைஞரின் ஆம்ப்ளிஃபயர் சேதமாகிவிட்டது. மாற்று வாங்க வழியில்லை. ஸ்பீக்கர் கூம்பில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். கரகரவென்று வந்த அந்தச் சத்தம் பிடித்துப்போய் அப்படியே பதிவு செய்தார்கள். இன்று "டிஸ்டார்ஷன்" என்று காசு கொடுத்து வாங்கும் ஒலியின் ஆரம்பகாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

இனி காசு விஷயம். 1955-ல் சக் பெர்ரியின் "மேபலீன்" வெளியானது. இசைத்தட்டைப் பார்த்தால், பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அதே ஆலன் ஃப்ரீடின் பெயர்! அவர் ஒரு வரியும் எழுதியதில்லை. வானொலியில் பாட்டு ஒலிக்க வேண்டுமே, அதற்கான விலை அது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பாட்டின் முழு உரிமை சக் பெர்ரி பெயருக்குத் திரும்ப 1986 ஆனது. எல்விஸ் பிரெஸ்லியை 1954-ல் அறிமுகப்படுத்திய பாட்டை எழுதியவர் ஆர்தர் க்ரூடப். அவர் 1974-ல் இறக்கும் வரை அவருக்குச் சேர வேண்டிய ராயல்டி முழுதாகக் கைக்கு வரவில்லை.

சத்தம் கூடிய கதை

அட்லாண்டிக் கடலைத் தாண்டிய புளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கிலாந்து இளைஞர்கள். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு பிளேடை எடுத்துத் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரைக் கிழித்தார். மெம்ஃபிஸில் விபத்தாக வந்த கரகரப்பு இங்கே வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டபடி பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் செய்ய ஆரம்பித்தார். கருவி தயார். க்ரீம், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் ஸெப்பலின் என்று வரிசையாக வந்தவர்கள் புளூஸை மலையளவு சத்தத்தில் வாசித்தார்கள். அதற்கு ஹார்ட் ராக் என்று பெயர் வந்தது.

இங்கேயும் பழைய கணக்கு ஒன்று பாக்கி. லெட் ஸெப்பலினின் "ஹோல் லாட்டா லவ்" தன் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று புளூஸ் கலைஞர் வில்லி டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டுக்குக் கீழே அவர் பெயரும் இருக்கிறது.

இரண்டு விரல் நுனிகள்

பர்மிங்ஹாம், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போகலாம் என்று முடிவெடுத்து, கடைசி நாள் வேலைக்குப் போனார். அன்றுதான் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர். அதாவது கிடார் கம்பிகளை அழுத்த வேண்டிய கையே அதுதான்.

மனம் உடைந்து கிடந்தவருக்குப் பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் மேதையின் கிடார். தீ விபத்துக்குப் பிறகு அவர் இடது கையில் இரண்டு விரல்களை வைத்தே பெரும்பாலும் வாசித்தவர். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். சாதாரணக் கம்பிகளை அழுத்தினால் வலித்ததால் மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த "மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி" ஆல்பத்தில் அந்தக் கனத்த ஒலியைக் கேட்கலாம்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வெளியானது. ஹெவி மெட்டல் அங்கே தொடங்குகிறது என்பார்கள் பலர். அந்தக் குழு தன் கடைசிக் கச்சேரியை 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் நடத்தியது. பதினேழே நாளில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார்.

நீண்டது போதும், சுருக்குங்கள்!

இதே சமயத்தில் இன்னொரு கிளை வேறு பக்கம் போனது. பல டிராக்குகளில் பதிவு செய்யும் வசதி வந்ததும், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்று போனது புரோக்ரசிவ் ராக். கிங் கிரிம்ஸன் 1969-ல் வழி காட்டியது. யெஸ் குழுவின் "க்ளோஸ் டு தி எட்ஜ்" (1972) சுமார் 18 நிமிடம் ஓடும். அற்புதமான இசை, சந்தேகமில்லை. ஆனால் அதை வாசிக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும், விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். வேலையில்லாத ஓர் இளைஞன் என்ன செய்வான்?

1976-ல் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு பதில் சொன்னது: அரை மணிக்கும் குறைவான ஆல்பத்தில் 14 பாட்டுகள்! அடுத்த ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித் தானே ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. கம்பெனி வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்பதை அது நிரூபித்தது. பங்க் கொடுத்த பெரிய கொடை இந்தத் துணிச்சல்தான்.

பிறகு கிளைகள் வேகமாகப் பிரிந்தன. வாஷிங்டனில் பேட் ப்ரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழுவும் மற்றவர்களும் பங்க் இசையின் வேகத்தை இன்னும் கூட்டி ஹார்ட்கோர் ஆக்கினார்கள். அந்த வேகமும் பிரிட்டிஷ் மெட்டலும் கலந்து த்ராஷ் பிறந்தது. மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 1983. ரசிகர்கள் கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பியே இதைப் பரப்பினார்கள். ஹார்ட்கோரிலிருந்தே பின்னாளில் ஈமோ என்று அழைக்கப்பட்ட கிளையும் முளைத்தது. அந்தப் பெயரைத் தொடக்கக் குழுக்களே விரும்பவில்லை என்பது தனிக் கதை.

கம்பளிச் சட்டை விலை போனது

பெயர் எப்படி ஒரு இசையை விழுங்கும் என்பதற்கு சியாட்டில் நல்ல உதாரணம். நிர்வானாவின் முதல் ஆல்பம் (1989) சுமார் 600 டாலரில் பதிவானது. இரண்டாவது ஆல்பம் "நெவர்மைண்ட்" 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்ஸனையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அதே வருடக் கடைசியில் நியூயார்க் ஃபேஷன் மேடையில் "கிரஞ்ச்" உடைகள் நடந்துவந்தன! குளிருக்காகப் பழைய துணிக்கடையில் மலிவாக வாங்கிப் போட்ட கட்டம்போட்ட சட்டை பட்டில் தைக்கப்பட்டது. 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்தார். பெயர் மட்டும் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பெயர்களே வேண்டாமா? வேண்டும். புதிதாகக் கேட்பவருக்கு அவை ஊருக்குள் வழிகாட்டும் பலகைகள். ஆனால் பலகையில் யார் பெயர் விடுபட்டது என்றும் பார்க்க வேண்டும்.

விடுபட்டவர்களில் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் முக்கியமானவர். எல்விஸ் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலேயே கையில் எலக்ட்ரிக் கிடாருடன் தேவாலயப் பாடல்களை அதிரவைத்த கறுப்பினப் பெண். 1973-ல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-ல். 45 வருடத் தாமதம்!

ராக் இசையைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் ஏறலாம். முதல் பாட்டு மட்டும் ரோஸெட்டாவுடையதாக இருக்கட்டும்.