ஊத்தாவின் கணக்கு

சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால், மூங்கில் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்திருக்கும். அதற்குள் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் கூடையான ஊத்தா தயாராக வேண்டும். நான் போன வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு ஊத்தாக்கள் அரைகுறையாக நின்றன. பெரியவர் மூங்கிலைப் பிளந்து கொடுக்க, அவர் மனைவி அதைச் சீவி, வளையத்தோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊத்தாவுக்கு அடியும் இல்லை, மூடியும் இல்லை. கீழே அகலம், மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். கீழ்விளிம்பில் குச்சிகளின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் இறங்கி நிற்க வேண்டுமே. குச்சிகளுக்கு நடுவே விட்ட சந்தைக் காட்டி, “அயிரை, கெண்டைக் குஞ்செல்லாம் போகட்டும் தம்பி. விரால் தலை நுழையக் கூடாது. அதான் கணக்கு” என்றார் பெரியவர்.

விராலின் பிழைப்பு தெரிந்தால்தான் இந்தக் கணக்கு விளங்கும். 1793இல் ஜெர்மானிய அறிஞர் ப்ளோக் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய மீன் இது. 2016இல் தெலங்கானா இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. பாசிக்குள் அசையாமல் கிடந்து, தவளையோ சிறுமீனோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். பசித்தால் தன் இனத்துக் குஞ்சையும் விடாது. செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்க அதற்கு ஓர் அறை உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாக வேண்டும். வர முடியாமல் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கண்மாய் வற்றும்போது மற்ற மீன்கள் செத்து மிதக்க, விரால் ஈரச் சேற்றுக்குள் இறங்கி மழைக்குக் காத்திருப்பதும், சந்தையில் டிரம்முக்குள் உயிரோடு விலைபோவதும் இந்த அறையின் தயவால்தான்.

மறுநாள் விடியற்காலையில் கரை நிறைய ஆட்கள். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். வலை, கச்சா, பரி என மற்ற மீன்பிடி கருவிகளும் இருந்தன. நான் பெரியவரின் பின்னாலேயே நடந்தேன். அவர் கண் குமிழி வரும் இடத்தைத்தான் தேடியது. காற்று குடித்துவிட்டு விரால் இறங்கிய இடத்துக்குச் சற்று முன்னால் ஊத்தாவைக் குத்தினார். மூங்கிலில் ‘டொக்’ என்று ஒரு முட்டு. உடனே கையை விடவில்லை. “முட்டுற வேகத்த வச்சே என்ன மீனுன்னு தெரியும். தேளியா இருந்தா முள்ளுக் குத்திரும், ராத்திரி முழுக்கக் கடுக்கும்” என்றவர், பிறகு மெதுவாகக் கையை இறக்கி, துழாவி, செவுளுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கினார். வழவழப்பான மீனை வாலில் பிடித்தவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவானாம். அன்று பிடித்ததை யாரும் விற்கவில்லை; எல்லாம் வீட்டுக் குழம்புக்கு.

விராலைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கரையோரம் தண்ணீர் கொதிப்பதுபோல் தெரிந்தால், அங்கே செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் காற்று குடிக்கின்றன என்று அர்த்தம். கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். குஞ்சுகளுக்கு நடுவில் தவளை கோத்த தூண்டிலைப் போட்டால், பசி இல்லாவிட்டாலும் விரட்டுவதற்காகவே அது பாய்ந்து கவ்வும். பெரியவர் அந்தப் பக்கம் போவதில்லை. “காவல் போச்சுன்னா அந்தக் கூட்டத்த மத்த மீனு தின்னு தீத்துரும். ஒரு மீனுக்காக ஆயிரம் மீன விடுறதா?”

காற்று குடிப்பதும் குஞ்சைக் காப்பதும்தான் விராலை வாழவைக்கின்றன. அதைப் பிடிப்பவனுக்குக் காட்டிக்கொடுப்பதும் அவையேதான். எதைப் பயன்படுத்துவது, எதை விட்டுவைப்பது என்பதில் இருக்கிறது தொழில். மோட்டார் வைத்துக் கண்மாயை ஒட்ட இறைத்துச் சேறு வெடிக்க விட்டால், அடியில் பதுங்கிய மீனும் மிஞ்சாது. ஊத்தாவோ கைக்கு எட்டியதோடு நின்றுகொள்ளும். சேற்றில் தப்பியது அடுத்த மழையில் வரப்பு தாண்டி வயலுக்குள் ஏறும். அடுத்த கோடையில் ஊத்தா கேட்டு இந்தத் திண்ணைக்கு ஆள் வருவது, அப்படித் தப்பிய மீனை நம்பித்தான்.