ளகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி

“டெனர் எங்க?” என்று கொயர் மாஸ்டர் கேட்டபோது மணி ஏழே முக்கால். டெனர் அந்த நேரத்தில் இந்திராநகர் நூறடி ரோட்டில் யாருக்கோ பிரியாணி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் ரெண்டு ஆர்டர் பாக்கியாம், எட்டேகாலுக்கு வந்துவிடுவாராம். மாஸ்டர் சலித்துக்கொள்ளவில்லை. “அவன் வர்றதுக்குள்ள ஆல்ட்டோவைப் பார்த்துடலாம்” என்று பெண்கள் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் பதினான்கு பேர். ஆண்கள் பக்கம் நான்கு பேர், அதில் மூவர் பேஸ். “பேஸ் பாடறவன் தெருவுக்கு ரெண்டு பேர் கிடைப்பான் சார், டெனரைத்தான் வலை போட்டுத் தேடணும்” என்றார் என்னிடம்.

மர்பி டவுனில் உள்ள ஒரு தமிழ்ச் சபை, டிசம்பரில் நடத்தப்போகும் கீத ஆராதனைக்கு எப்படித் தயாராகிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன். கீத ஆராதனை என்பது அழைப்பிதழில் வரும் பெயர், வாயில் வருவது கேரல் சர்வீஸ். அன்றைய காணிக்கை முழுவதும் தர்மத்துக்கு. நான்கு வெள்ளிக்கிழமையும் ஒரு ஞாயிறும் போனேன். சபையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது எனக்கு மூன்றாம் வாரம்தான் புரிந்தது.

மெட்ரோ பலகையில் அந்த நிலையத்தின் பெயர் ஹலசூரு. இறங்கி நடக்கிறவர்கள் வாயில் அது அல்சூர்தான். அங்கிருந்து பழைய மெட்ராஸ் ரோடு ஓரமாக நடந்து உள்ளே திரும்பினால் மர்பி டவுன். கட்டம் கட்டமாகத் தெருக்கள், ஒட்டி ஒட்டி வீடுகள், கீழே அம்மா, மேலே மகன், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. மர்பி என்பவர் கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர், தெருக்களைத் திட்டமிட்டவர் என்பதால் ஊருக்கு அவர் பெயர். 1809இல் வெள்ளைக்காரப் பட்டாளம் பெங்களூரில் கண்டோன்மென்ட் போட்டபோது, அதன் பின்னாலேயே தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து சமையற்காரர், குதிரைக்காரர், தையற்காரர், கொத்தனார், ஆயா எல்லாரும் வந்தார்கள். பட்டாளத்துக்கு வேலை செய்தவர்களும் கூலிக்காரர்களும் குடியிருக்க அமைந்த இடங்களில் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். அங்கே சிப்பாய்க்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் பெயர். ஆக, இந்தத் தெருக்களில் தமிழ் நேற்று வந்து இறங்கியது அல்ல. ஆனால் அந்தத் தமிழை எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இது பிறகு.

மாஸ்டர் கையில் இருந்த நோட்டு, அவருடைய அப்பா எழுதியது. பழுப்பேறிய கோட்டுத்தாளில் டி, ஆர், எம், எஃப், எஸ் என்று ஆங்கில எழுத்துகள், நடுநடுவே ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி. டானிக் சோல்ஃபா. இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறை, ஜான் கர்வன் என்ற பாதிரியார் எடுத்துச் சீர்படுத்திப் பரப்பியது. பியானோ வாங்க முடியாதவர்களும் நான்கு குரலில் பாட வேண்டும் என்பதற்காக வந்த எழுத்து. ஐந்து கோட்டு நொட்டேஷன் தெரியாத கொத்தனாரும் தையற்காரரும் இதை வைத்துக்கொண்டு நான்கு பாகம் பாடினார்கள் என்று மாஸ்டர் சொன்னார். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதுவும் தெரியாது. அவரவர் பாகத்தை மட்டும் மாஸ்டர் பாடிப் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டால், பஸ்ஸில் வரும்போதே காதில் மாட்டிக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். “அதுவும் வித்தைதான். ஆனா நான் பாடுன தப்பையும் சேர்த்துக் கத்துக்குறாங்க.”

எட்டு இருபதுக்கு டெனர் வந்தார். முதுகில் பையோடு, ஹெல்மெட்டை பெஞ்சில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க நின்றபடியே தன் வரியைப் பிடித்தார். அதுவரை ஏதோ வெறுமையாக இருந்த பாட்டு சட்டென்று நிரம்பியது. காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிகிறது, நடுவில் உள்ள ஒரு குரல் இல்லாவிட்டால் மேலும் கீழும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பாட்டு கூரை இல்லாத வீடுதான்.

நான் அதிக நேரம் உட்கார்ந்து கேட்டது மாஸ்டர் சொற்களோடு நடத்திய சண்டையை. பாமாலைப் பாட்டுகள் ஐரோப்பிய ராகத்துக்குத் தமிழ் வார்த்தை போட்டவை. ராகம் நீட்டச் சொல்லும் இடத்தில் தமிழில் குறில் வந்து நிற்கும். குறிலை நான்கு தட்டுக்கு இழுத்தால் அது நெடில் ஆகிவிடும். ‘பலன்’ என்று பாடினால் கேட்கிறவர் காதில் ‘பாலன்’ விழும். ‘வரும்’ என்பது ‘வாரும்’ ஆகிவிடும். “கிறிஸ்மஸ்ல ரெண்டுமே பொருந்திடுது பாருங்க, அதான் ஆபத்து. ஒருத்தனும் தப்புன்னு சொல்ல மாட்டான்” என்று சிரித்தார். அவர் சொல்லிக்கொடுத்த வழி, உயிரெழுத்தை நீட்டாமல் அடுத்து வரும் மெய்யில் போய் உட்கார்ந்துகொள்வது: ல், ம், ன் இவற்றை முனகுவது. இருபது முறை திரும்பப் பாட வைத்தார். கீர்த்தனைக்கு இந்தத் தொல்லை இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் தமிழ்க் காதோடு, நம் ராக தாளத்தில் எழுதியவை அவை. கீர்த்தனை தொடங்கியதும் கொயர் முகத்திலேயே ஒரு தளர்வு தெரிந்தது. வயதான சோப்ரானோ ஒருவர் தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கும் அந்தப் பகுதிதான் பிடித்திருந்தது. இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் ஞாயிறு, ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் கமிட்டி. டீ, மசால் வடை, எட்டுப் பேர். முதல் தலைப்பு வாசகர்கள். கேரல் சர்வீஸின் ஒன்பது வேத வாசகமும் பாட்டுகளும் என்ற அமைப்பை 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் பென்சன் என்ற பிஷப் தொடங்கினார். கதீட்ரல் கட்டி முடியாத காலம், தற்காலிக மரக் கொட்டகையில் நடந்தது. 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் எடுத்து நடத்த, பிறகு ரேடியோ வழியாக உலகம் முழுக்கப் போனது. பாடகர் குழுச் சிறுவன் முதல் வாசகம் வாசிக்க, படிப்படியாக ஏறி பிஷப் கடைசி வாசகம் வாசிப்பது ட்ரூரோ வழக்கம். மர்பி டவுனில் அந்த ஏணியை எப்படி நிறுத்துவது என்பதில்தான் முக்கால் மணி நேரம் போனது. யார் முதலில், யார் கடைசியில், எத்தனை தமிழ், எத்தனை கன்னடம். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு ஏழாவது வாசகம் என்று முடிவானது. அவருக்கு வாசிக்கத் தெரியாதே என்றார் ஒருவர். “மனப்பாடமா சொல்லும்ப்பா அது. உன்னை மாதிரி புஸ்தகத்தைப் பார்த்துத் தடுமாறாது” என்றார் செக்ரட்டரி. குருவானவர் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மெழுகுவர்த்தி விஷயம் சீக்கிரம் முடிந்தது. பேப்பர் கப்பின் அடியில் கூட்டல் குறி போலப் பிளேடால் கீறி, மெழுகுவர்த்தியைக் கீழிருந்து செருகினால் மெழுகு கையில் வழியாது. பெஞ்சில் வழியும். போன வருஷம் வழிந்ததை, கோயிலைப் பெருக்கிப் பூட்டும் பெரியவர் பழைய ஏடிஎம் கார்டை வைத்து ஜனவரி பாதிவரை சுரண்டினாராம். இந்த முறை கப்பின் அளவு ஒரு சுற்று பெரியது. பெரியவர் நேரில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் ஆர்டர் கொடுத்தார்கள்.

பணம் பற்றிப் பேசும்போது டிரஷரர் அண்ணன் குரல் மாறியது. காணிக்கைத் தட்டில் விழும் ஒரு ரூபாயும் கேக்குக்கோ மைக் செட்டுக்கோ போகக் கூடாது என்பது அவர் சட்டம். கேக் ஒரு குடும்பம், மைக் செட் ஒரு குடும்பம், பாட்டு ஷீட் ஜெராக்ஸ் ஒரு குடும்பம் என்று முன்னாலேயே ஏற்பாடு. ஆராதனை முடிந்த அன்று இரவே இரண்டு பேர் எண்ண வேண்டும், ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, பத்து ரூபாய் நாணயம் எத்தனை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மறுநாள் காலை பேங்க். கியூஆர் கோடை ஷீட்டின் பின்பக்கத்தில் அச்சிடலாமா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். பாட்டு நடுவில் ஜனம் போனை எடுத்தால் திரும்ப உள்ளே வைக்காது என்று பயந்தார்கள். கடைசியில் வாசற்படியில் ஓர் அட்டையில் ஒட்டி வைப்பதாக முடிவு.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு டப்ளின் நினைவு வந்தது. ஹேண்டலின் ‘மெசையா’ முதன்முதலாக அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று, அந்த ஊரில், தர்மத்துக்காகத்தான். கூட்டம் அதிகம் வரும், ஆகவே பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் பேர் உட்காரலாம், இன்னும் கொஞ்சம் பணம் சேரும். அந்த வசூலில் கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் விடுதலை ஆனார்கள். இங்கே அதே கணக்கை வேறு விதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்: ஸ்கூட்டரை உள்ளே நிறுத்த விடாமல் இருந்தால் காம்பவுண்டில் எத்தனை பிளாஸ்டிக் நாற்காலி போடலாம்?

இந்த ஆண்டுத் தர்மம், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் சிலரின் காலேஜ் பீஸ். பட்டியல் குருவானவரிடமும் டிரஷரரிடமும் மட்டும் இருக்கிறது. கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டுச் செக்கைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தால் அடுத்த வருஷம் கொடுக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும். அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர்தான் சொன்னார்: “எங்கேர்ந்து முன்னால கூப்பிடுவீங்க? கொயர்லேர்ந்தா?”

அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. நானும் யார் என்று கேட்கவில்லை. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ஒத்திகையில் உட்கார்ந்தபோது, எந்த முகத்தையும் பார்க்காமல் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஷீட்டைப் பற்றித்தான் நான் எழுத வந்ததே. அதைச் செய்கிறவர் அறுபத்தைந்து வயது அம்மா. டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் ‘அக்கா’. பதினொரு பாட்டு, மூன்று விதமான ஷீட். பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தில். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவர்களுக்குக் கன்னட எழுத்தில். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி எழுத்தில். மூன்றிலும் பாட்டு தமிழ்தான். ஒரே பெஞ்சில் பாட்டி, மகள், பேரன் மூன்று தாளைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைப் பாடுவார்கள்.

எழுத்து மாற்றுவது டைப்பிங் வேலை என்று நினைத்திருந்தேன். அக்கா பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழில் ‘ப’ ஒன்றுதான். கன்னடத்தில் வல்லோசைக்கு ஒன்று, மெல்லிய ஓசைக்கு ஒன்று. ‘பாலன்’ வந்தால் எந்த ‘பா’ என்று அக்கா முடிவு செய்ய வேண்டும். தப்பான எழுத்தைப் போட்டால் குழந்தை பால்காரன் ஆகிவிடும். தமிழ் படிக்கிறவனுக்கு அந்த முடிவை நாக்கு தானாக எடுக்கிறது, கன்னடத்தில் அதைத் தாளிலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘பெற்றாள்’ வந்தால் அந்த ‘ற்றா’வுக்கு நேர் எழுத்து இல்லை, ‘ட்ரா’ என்று போடுகிறார். கூகுளில் மாற்றித் தரும் வசதி இருக்கிறதே என்றேன். “அது எழுத்தை மாத்தும் கண்ணு, ஓசையை மாத்தாது.”

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் ழகரம். பழைய கன்னடத்தில் அந்த எழுத்து இருந்தது, இன்றைய கன்னடத்தில் இல்லை. கிறிஸ்மஸ் பாட்டோ ழகரத்தாலேயே கட்டியது போல இருக்கிறது: தொழுவம், ஏழை, தாழ்மை, வாழ்த்து, புகழ், தொழுதல், மகிழ்ச்சி. இங்கிலீஷ் ஷீட்டில் ‘இசட் எச்’ போட்டால் பிள்ளைகள் ‘தொஸுவம்’ என்று பாடுகிறார்கள். கன்னடத்தில் ‘ள’ போட்டால் ‘தொளுவம்’. போனால் போகட்டும் என்று விடலாம், ஊரில் பாதித் தமிழ்நாடு அப்படித்தான் பேசுகிறது. அக்கா விடவில்லை. கன்னட ளகரத்துக்குக் கீழே பேனாவால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் நாக்கை மடித்து உள்ளே இழு, அவ்வளவுதான் விதி. கொயரிலிருந்து தொடங்கி இப்போது சபை முழுக்க அந்தப் புள்ளி தெரியும்.

கம்ப்யூட்டரிலேயே புள்ளி போட்டிருக்கலாம். அக்கா முயன்று பார்த்திருக்கிறார், ஜெராக்ஸில் அது தூசி போலத் தெரிகிறதாம். அதனால் எண்பது கன்னட ஷீட்டிலும் சிவப்பு பேனாவால் கையாலேயே போடுகிறார். ஷீட்டுக்கு முப்பத்து நான்கு புள்ளி, எண்ணி வைத்திருக்கிறார். நான்காம் வெள்ளிக்கிழமை ஒத்திகை நடந்துகொண்டிருக்க, பின் பெஞ்சில் எனக்கும் ஒரு பேனா கொடுத்து இருபது ஷீட்டைத் தள்ளினார். எனக்குக் கன்னட ‘ள’ மட்டும் அடையாளம் தெரியும். பக்கத்தில் தமிழ் ஷீட்டை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பார்த்துப் புள்ளி வைத்தேன். எல்லா ளகரத்துக்கும் புள்ளி கிடையாது, ‘மகள்’ மகளாகவே இருக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்தது. முன்னால் டெனர், இன்றைக்கு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே, கன்னட ஷீட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

ஒன்பதே காலுக்கு என் கட்டை வாங்கிப் பார்த்தார் அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். பதின்மூன்றாவது ஷீட்டில் விரல் நின்றது.

“இங்க ஒண்ணு விட்டுட்டீங்களே கண்ணு” என்று பேனாவை எடுத்தார். “ஏழை.”